பல் போன இடத்துச் சுரம்

எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி. மாதம் முழுக்க எங்கள் ஊரில் மழை இல்லை. கரிசல் வெடித்து, பிளவுக்குள் முழங்கை வரை கை போயிற்று. சித்திரை இரண்டாம் செவ்வாய் கோயில் கொடைத் திருவிழா. அதற்கு ஒன்பது நாள் முன்பு நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்: 'விளாத்திகுளத்து நாயனக்காரருக்கு மிச்சப் பல்லும் விழுந்துவிட்டது. இனி ஊத முடியாது.'

அவர் ஊதினால்தான் எங்கள் சாமியாடிக்கு அருள் வரும். அவருக்குப் பதிலாக வந்தவன் என் சேக்காளி, வயதில் இளைய சிநேகிதன். அவர் வாசித்த கொடைகளுக்கெல்லாம் பத்து வருடம் பின்னாலேயே போய், அப்படியே பழகியவன். மேல் சுரத்தில் அவருக்கு ஒரு சறுக்கல் விழும்; முன்பல் போன இடத்தில் காற்று கசிவதால் வருவது. இவன் உதட்டைக் கோணிக்கொண்டு அதையும் ஊதினான்.

"ஏலே, ஒனக்குத்தான் பல்லு வரிசையா இருக்கே, அது எதுக்கு?" என்று கேட்டேன்.

"அதுலதான் சாமி இறங்குது அண்ணாச்சி. வேணும்னா ஒரு பல்லத் தட்டி விடுங்க."

கொடையன்று பகல் ஒரு மணிக்கு ஆரம்பித்தான். கண்ணை மூடிக் கேட்டால் விளாத்திகுளத்துக்காரரேதான். சாமியாடி அசையவில்லை. ஒன்றே முக்கால் ஆயிற்று.

"அவிய வாசிச்சத இவன் ஒப்பிக்கான்," என்றார் ஊர்ப் பெரியவர். அவன் பக்கத்தில் வந்து தணிந்த குரலில், "சாமி வரலைன்னா அடுத்த வருசம் புதூர் மேளத்துக்குச் சொல்லிருவோம். பெறகு நீ இங்கன வர வேண்டாம்," என்றார்.

கோணிக் கோணி அவன் உதடு மரத்துப்போயிருந்தது. சறுக்கல் வரவில்லை. உதட்டை நேராக்கி ஊதினான். சுரம் எங்கேயும் வழுக்காமல், இரும்புக் கம்பி போல மேலே போயிற்று. அப்படி ஒன்றை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சாமியாடி அப்போதும் நின்றபடியேதான் நின்றார். அவர் பக்கத்தில் தண்ணீர்க் குடத்தோடு நின்ற அவர் தம்பி, சாமியே இல்லை என்று பேசித் திரிகிறவர், குடத்தைப் போட்டுவிட்டு ஆடத் தொடங்கினார்.

"வந்திருக்கது யாரு? பேரச் சொல்லு," என்று முறைப்படி கேட்டார்கள். மூன்று முறை கேட்டும் பேர் வரவில்லை. நாயனத்தை நோக்கி ஆடியவரின் கை நீண்டது.

"நிறுத்தாத."

நாலு மணி வரை ஊதினான். பழைய வாசிப்புக்குத் திரும்பும்போதெல்லாம் ஆட்டம் நின்று, அந்தக் கண்கள் அவனையே பார்த்தன.

"அடுத்த வருசமும் நீதான். இதையே வாசி," என்றார் ஊர்ப் பெரியவர். அவர் முகத்திலும் தெளிவில்லை.

அவனைக் கொண்டுவிட நானும் கூடப் போனேன். பஸ்ஸில் துண்டால் உதட்டு ரத்தத்தை ஒற்றிக்கொண்டே வந்தான். கோவில்பட்டி நெருங்கும்போது சொன்னான்.

"இன்னைக்குத்தான் அண்ணாச்சி நான் சொந்தமா வாசிச்சேன். வந்தது என்னதுன்னே தெரியல, அதுக்கு என் வாசிப்புப் பிடிச்சிருக்கு. அதுதான் பயமா இருக்கு."