அலைக்கு ஆவடிக் காற்று

எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் பத்து நிமிடம் பேசுவேன் என்று கல்லூரி கேன்டீனில் ஒருநாள் அறிவித்தேன். அது வெற்றுப் பெருமை அன்று. மூன்றாண்டுகளாக நான் எந்த மேடையிலும் தடுமாறியதில்லை. ஆவடியில், பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் வளர்ந்தவள் நான். நெல்லையும் கோவையும் தஞ்சையும் ஒரே வரிசையில் குடியிருந்த அந்த இடத்தில் குழாயடியே வழக்காடு மன்றம். அங்கே கற்றதை மேடையில் மெருகேற்றிக்கொண்டேன்.

எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்த தோழி, கடலோரக் குப்பம் ஒன்றில் பிறந்தவள். டம்ளரை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாத்துக்குடி இவ்ளோ பீத்திக்கிற? எங்க பசங்க அலை மேல பலகை ஓட்டுறானுங்களே, அதுக்குக் கடல் எப்டி இருக்கணும்? எங்க ஆடித் திருவிழா மேடைல வந்து சொல்லு, பாப்போம்."

"சொல்றேன்."

"தப்பா சொன்னியானா?"

"நீ கேக்கறதச் செய்யறேன்."

"மைக்ல 'எனக்குத் தெரியாது'ன்னு சொல்லணும். நீ இதுவரிக்கும் சொல்லாத வார்த்த அது ஒண்ணுதான்."

கை குலுக்கினோம். அந்த இரண்டு சொற்களைச் சொல்வதைவிட மேடையையே துறப்பது எளிது என்று அன்று எண்ணினேன்.

உடைந்த படகின் பலகையைக் கொண்டு அலையேறும் அந்த விளையாட்டை வெளிநாட்டார் சர்ஃபிங் என்பார்கள். அதைப் படிக்க நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் குறிப்பேட்டுடன் குப்பத்துக்குப் போனேன். காலை வீட்டு வேலைகளை முடித்து, ஆவடியில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் பேருந்து மாறி, மணலில் கால் வைக்கும்போது பகல் ஒரு மணி ஆகிவிடும். பிள்ளைகள் பலகையோடு நீரில் குதித்துக்கொண்டிருப்பார்கள். பார்த்தேன், எழுதினேன், இரவெல்லாம் கண்ணாடி முன் பேசிப் பழகினேன்.

விழா மாலையில் குப்பமே திரண்டிருந்தது. முதற்பகுதி முழங்கியது.

"அவையோரே! அலைக்கு மணல் வேண்டும். இடுப்பளவு ஆழத்தைத் தாண்டினால் உங்கள் கடலில் முழங்காலளவே நீருள்ள ஒரு மணல்திட்டு இருக்கிறது. ஓடிவரும் அலைக்குக் கால் இடறுவது அங்கேதான். திட்டு நேராகக் கிடந்தால் அலை மொத்தமும் ஒரே நொடியில் கவிழ்ந்துவிடும், பலகைக்கு வழியில்லை. திட்டு சாய்ந்து கிடந்தால், பாயைச் சுருட்டுவதுபோல் அலை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வரிசையாக உடையும். அந்த ஓட்டத்துக்கு முன்னால் ஓடுவதே அலையேற்றம்!"

விசில் பறந்தது. தோழியின் முகம் வாடியது. நான் குரலை உயர்த்தினேன்.

"அடுத்தது காற்று! எங்கள் அயனம்பாக்கம் ஏரியில் கண்டிருக்கிறேன்: காற்று தள்ளினால்தான் அலை வரும். ஆகவே கடலிலிருந்து கரைக்கு வலுவாக வீசும் காற்றே அலையேற்றத்துக்கு உயிர்!"

கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "ஏரி வாத்து!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். முன்வரிசையில் அமர்ந்திருந்த தோழியின் தாய், மீன் விற்பவர், எழுந்தார்.

"தே பொண்ணு, நீ எப்பப்பாரு சோத்து நேரத்துக்கு வந்துகினு இருந்த. அந்நேரம் கடக்காத்து ஏறி அலையக் கொழப்பிப் போட்டுடும். ஓட்டுறவனுங்க காலைலயே ஓட்டிட்டு ஊட்டுக்குப் போயிடுவானுங்கோ. நீ பாத்து எழுதிக்கினதெல்லாம் பொடிசுங்க ஆடுற கூத்து!"

தோழி தன் உதட்டருகே இல்லாத மைக்கைப் பிடித்துக் காட்டினாள். பந்தயம் பந்தயம்தான். நிமிர்ந்து நின்றேன்.

"எனக்குத் தெரியாது," என்றேன். ஒலிபெருக்கி அதைக் கடல்வரை கொண்டுபோயிற்று. தோழியின் தாய் பக்கம் திரும்பினேன். "அம்மா, அப்படியானால் எந்தக் காற்று நல்லது?"

"கரைலர்ந்து போற காத்து. எழும்புற அலைய மூஞ்சில புடிச்சி நிறுத்தும். சட்டுனு ஒடையாம செவுரு மாரி வழுவழுன்னு நிக்கும். பலகை அதுல வழுக்கினு போவும்."

"எந்தத் திசையிலிருந்து?"

"மேக்கால. ஆடில காலைல பூரா அதான்."

மேற்கு! என் நெஞ்சு விம்மியது.

"அவையோரே! இங்கிருந்து மேற்கே என்ன இருக்கிறது? அம்பத்தூர் இருக்கிறது. நீங்கள் சிரித்த அயனம்பாக்கம் ஏரி இருக்கிறது. அதற்கும் அப்பால் ஆவடி இருக்கிறது! எங்கள் மொட்டைமாடித் துணியை உலர்த்திவிட்டுத்தான் அந்தக் காற்று உங்கள் அலைக்கு முட்டுக்கொடுக்க வருகிறது. அலை உங்களுடையது, அதை நிமிர்த்தி வைப்பது எங்கள் ஊர்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கீழே இறங்கியதும் தோழி தோளில் ஓங்கித் தட்டினாள். "தோத்தும் ஜெயிச்சிட்டியேடி, கேடி!"

அவள் தாய் விடவில்லை. "இனிமே காத்து நின்னுச்சினா உன் ஊட்டாண்டதான் வந்து கத்துவோம், ஆமா."

ஆடி பிறந்தால் எங்கள் மாடியில் இன்றும் துணிக்கு இரண்டு கிளிப் போடுகிறோம். அப்படியும் ஏதாவது பறந்துபோனால் அம்மா காற்றைத் திட்டத் தொடங்குவாள். நான் அனுமதிப்பதில்லை. அதற்குக் கடலில் வேலை இருக்கிறது.