ஈசல் பொழுது

நனைந்த ரப்பரும் ஆற்றுப் பாசியும் கலந்த ஒரு வாசனை, வெயில் ஏற ஏறக் கனத்துக்கொண்டே போகும் வாசனை, ஃப்ரீமான்ட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டு கராஜுக்குள் கோடை முழுவதும் தங்கியிருக்கும். சேது மாமாவின் பழைய மீன்பிடி உடை அங்கேதான் தலைகீழாகத் தொங்கும். பாதத்திலிருந்து மார்பு வரை ஒரே துண்டாக ஏறுகிற அந்த ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டுதான், பனி உருகி வரும் மலை ஆறுகளுக்குள் இடுப்பளவு இறங்கி நின்று மீன் பிடிப்பார்கள். அம்மா அதற்கு "யானைக்கால் சட்டை" என்று பெயர் வைத்திருந்தாள். மாமா புதிதாக ஒன்று வாங்கிய பிறகும் பழையதைத் தூக்கிப்போட மனமில்லாமல், கிழிந்த முழங்காலுக்கு ஒட்டுப்போட்டு மாட்டிவைத்திருந்தார்.

சேது மாமா அம்மாவின் தம்பி. பவானிக்காரர். சன்னிவேலில் வேலை கிடைத்து வந்தவர், தனி வீடு பார்க்கிறேன் பார்க்கிறேன் என்று சொல்லியபடியே எங்கள் வீட்டுப் பின்னறையில் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டார். எனக்கு அப்போது எட்டு ஒன்பது வயது. அலுவலக நண்பர் ஒருவர் சனிக்கிழமை ஒன்றில் அவரை மலைக்கு அழைத்துப் போய் ட்ரௌட் மீன் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததோடு சரி, அப்புறம் அவருக்கு வேறு வாரக்கடைசியே இல்லை. அந்த ஆற்றுக்கு ஊரறிந்த பெயர் உண்டு, ஆனால் எங்கள் வீட்டில் அது வெறும் "ஆறு"தான், அப்படியே எழுதுகிறேன்.

புழுவைக் குத்தித் தண்ணீரில் போட்டுவிட்டுக் காத்திருக்கிற வேலையில்லை அது. இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி போலவே செய்த ஒரு சின்னத் தூண்டில்முள். அதற்குக் கனமே கிடையாது என்பதால் கனமான கயிற்றைத் தலைக்கு மேலே முன்னும் பின்னும் வீசி, கடைசியில் அந்தப் பொய்ப்பூச்சி தானாக வந்து விழுந்ததுபோலத் தண்ணீர்மேல் உட்கார வைக்க வேண்டும். அந்தப் பூச்சிகளை மாமா எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் கட்டுவார். "சோறு திங்கற எடத்துல கோழி ரெக்கையக் கொண்டாந்து போடாதடா" என்று அம்மா சத்தம் போடுவாள். பிடித்த மீன் எங்கே என்று கேட்டால், விட்டுவிட்டேன் என்பார். "விடறதுக்கா இத்தனை பாடு? கடைக்குப் போனா வெட்டியே குடுப்பான்" என்று அவள் சொல்வதும், அவர் சிரிப்பதும் வாராவாரம் நடக்கும்.

ஜூன் மாதத்தில் சில நாட்கள் மட்டும், மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியதும் ஆற்றின் அடியிலிருந்து பூச்சிகள் கூட்டம் கூட்டமாக மேலே வரும். மாமா அதை "ஈசல் பொழுது" என்பார். நம் ஊர் ஈசல் மண்ணிலிருந்து வரும், இது தண்ணீரிலிருந்து. வருடம் முழுக்கக் கல்லுக்கடியில் கிடந்துவிட்டு, ஒரு சாயங்காலம் மேலே மிதந்து வந்து, தோலை உரித்துப்போட்டு, படகுப் பாய் போல இறக்கையை விரித்துப் பறந்து, ஓரிரு நாளில் அதே தண்ணீரில் செத்து விழும். "அதுக்கு வாயே கெடையாது கண்ணு. சாப்பிடறதுக்கெல்லாம் நேரமில்லை பாரு" என்று அவர் என்னிடம் சொன்னபோது, நான் என் வழக்கப்படி ஆங்கிலத்தில், அப்படியானால் அது எப்படி அழும் என்று கேட்டேன். மாமா என் தலையைக் கலைத்துவிட்டார்.

அப்படி ஒரு ஜூன் வெள்ளிக்கிழமை தனியாகக் கிளம்பிப் போனவர் திரும்பி வரவில்லை.

கார் சாலையோரத்தில் பூட்டியபடி நின்றது. தூண்டில் கோல் கீழே ஒரு வளைவில் புதருக்குள் சிக்கிக் கிடைத்தது. அந்த வருடம் பனி அதிகம், ஆறு கரை தொட்டு ஓடியது. போலீஸ் தேடினார்கள், முக்குளிப்பவர்கள் இறங்கினார்கள், அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் வரிசையாகக் கரையோரம் நடந்தார்கள். எதுவும் கிடைக்கவில்லை. காவிரியில் இக்கரைக்கும் அக்கரைக்கும் விளையாட்டாக நீந்தியவன் என்பதை அம்மா அந்த அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொல்ல முயன்று, "ஹி கேன் ஸ்விம், சார், ஹி கேன் ஸ்விம்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். மார்பளவு ரப்பர் உடைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் நீச்சல் தெரிந்தும் பயனில்லை என்று அவர் பொறுமையாக விளக்கினார். அம்மா தலையாட்டினாள். ஆனால் அவள் காதில் அது ஏறவில்லை.

பவானியிலிருந்து பெரிய மாமா போன் செய்வார். "அம்மிணி, எத்தனை நாளைக்கு இப்படியே உட்டு வெக்கிறது? காரியத்தப் பண்ணிப் போடலாம்." அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே பதிலைத்தான் சொன்னாள். "பாக்காம எப்படிண்ணா பண்றது?"

அடுத்த ஜூனில் அப்பா எங்களை ஆற்றுக்கு அழைத்துப் போனார். அம்மா மதியத்திலிருந்து கரையில் ஒரே இடத்தில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று, உங்களுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று விசாரித்தார்கள். கொஞ்ச நேரத்தில் போலீஸ் கார் ஒன்று வந்தது. ஒரு பெண் அதிகாரி இறங்கி, மிக மரியாதையாக, தண்ணீருக்குள் இறங்கும் எண்ணம் ஏதும் இருக்கிறதா என்று கேட்டாள். அப்பா குறுக்கே வந்து எல்லாவற்றையும் விளக்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வரும் வழியில், ஃப்ரீவேயில் ஏறிய பிறகு, அம்மா வாயைத் திறந்தாள். "கையில ஒரு தூண்டில் இருந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க, இல்லீங்க?"

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் வீட்டுக்குப் பின்னால் இருந்த பள்ளி மைதானத்தில் புல்மேல் நின்று கயிறு வீசிப் பழகினாள். முள்ளுக்குப் பதிலாக நுனியில் கம்பளி நூல் துண்டு. சுடிதாரும் ஸ்வெட்டரும் போட்டு, பின்னலை உச்சியில் சுருட்டிக் கட்டிக்கொண்டு, காற்றில் கயிற்றைப் போட்டுப் போட்டு இழுப்பாள். பக்கத்து வீட்டு ஆன்ட்டி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "என்ன மேகலா, புது ஹாபியா?" என்று கேட்டாள். "ஆமாங்க்கா, கைக்கு எக்சர்சைஸ் பண்ணச் சொல்லிருக்காங்க டாக்டர்" என்றாள் அம்மா, வீச்சை நிறுத்தாமலே. அந்த ஆன்ட்டியும் அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

மறு ஜூனில் மாமாவின் பழைய யானைக்கால் சட்டையை இடுப்பில் மடித்து, தண்ணீர் உள்ளே போகாதபடி பெல்ட்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு அவள் ஆற்றில் இறங்கினாள். பெல்ட்டை அப்பாதான் இழுத்துக் கட்டினார். "முழங்காலுக்கு மேல போவாத. என்னைப் பாத்து சொல்லு" என்றார். அவள் அவரைப் பார்த்தே சரி என்றாள். அப்பா காரை ஓரமாக நிறுத்திவிட்டு வருவதாக மேலே ஏறிப் போனார். நான் ஒரு பாறைமேல், மடியில் புளிசாத டப்பாவோடு உட்கார்ந்திருந்தேன்.

வெயில் மலைக்குப் பின்னால் போனதும் காற்று நின்றது. முதலில் ஒரே ஒரு பூச்சி, சாம்பல் இறக்கையைச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு, என் முன்னால் தண்ணீரில் மிதந்து போயிற்று. பிறகு நாலைந்து. அப்புறம் எங்கே பார்த்தாலும் தண்ணீர் கொதிக்கத் தொடங்கியதுபோல அவை கிளம்பின; என் சட்டையில், டப்பா மூடியில், இமையில் எல்லாம் வந்து உட்கார்ந்தன. அவற்றைத் தின்ன மீன்கள் மேலே வந்தன. சத்தமே இல்லாமல் ஒரு வட்டம் விரியும், அது அடங்குமுன் பக்கத்தில் இன்னொன்று.

அம்மா கயிற்றை வீசினாள். நாலைந்து முறை தப்பாக விழுந்தது. அடுத்த முறை அந்தப் பொய்ப்பூச்சி நிஜப் பூச்சிகளுக்கு நடுவில் இறங்கி, அவற்றோடு சேர்ந்து மிதந்து, ஒரு வட்டத்துக்குள் காணாமல் போயிற்று. கோல் வளைந்தது. "ஐயோ, இழுக்குது கண்ணு, இழுக்குது!" என்று அவள் கத்தியது பயத்திலா சந்தோஷத்திலா என்று தெரியவில்லை. தடுமாறி, கயிற்றைக் கையாலேயே இழுத்து, கடைசியில் அந்தப் புள்ளி மீனை இரண்டு உள்ளங்கைகளிலும் தண்ணீருக்குள்ளேயே ஏந்தினாள். ஆரஞ்சுப் புள்ளிகள், வேகவேகமாகத் திறந்து மூடும் செவுள். முள்ளைக் கழற்றியதும் அது கொஞ்ச நேரம் அவள் கையிலேயே நின்று மூச்சு வாங்கிவிட்டுப் போயிற்று. அம்மா சிரித்தாள். இரண்டு வருடத்தில் நான் பார்க்காத சிரிப்பு. அப்படியே என் பக்கம் திரும்பப் போனவள், பாதியில் நின்றுவிட்டாள்.

கீழே வளைவில், ஆற்றின் நட்ட நடுவில், பூச்சி மூட்டத்துக்குள் ஒரு ஆள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். தொப்பி. ஒரு தோள் மட்டும் கொஞ்சம் இறங்கின நிற்பு. முகம் தெரியவில்லை. அவர் எப்போது வந்தார் என்று நான் கவனிக்கவில்லை. அங்கேயே எப்போதும் நின்றுகொண்டிருந்தவர்போல இருந்தார்.

"சேது!"

அம்மா கோலைக் கையிலிருந்து விட்டுவிட்டாள். அது தண்ணீரோடு போயிற்று. அவள் வளைவை நோக்கி நடந்தாள், முழங்கால், தொடை, இடுப்பு. நான் கரையோரம் ஓடிக்கொண்டே "அம்மா! அம்மா!" என்று அலறினேன். அவள் திரும்பவில்லை. "டேய் சேது, இங்க பாருடா!" என்று அவள் சொன்னது இரைச்சலுக்கு மேலே தெளிவாகக் கேட்டது. அடுத்த அடியில் கால் வழுக்கி, தோள்வரை முங்கினாள்.

அப்போது எதிர்க்கரைப் புதர் நிழலிலிருந்து ஒரு வெள்ளைத் தாடிக் கிழவர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தார். அவரும் மீன் பிடிப்பவர்தான். அதுவரை நாங்கள் அவரைப் பார்க்கவேயில்லை. அம்மாவின் பெல்ட்டைப் பின்னாலிருந்து கொத்தாகப் பிடித்து, கூழாங்கல் மேட்டுக்கு இழுத்து வந்து உட்கார வைத்தார். அம்மா அவர் முகத்தைப் பார்த்து, "எங்கடா போயிருந்த?" என்று தமிழில் கேட்டாள். மறுபடியும் கேட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் அவள் கையை விடவில்லை. நான் வளைவைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை. பூச்சிகள் மட்டும் மேலும் கீழுமாக ஆடிக்கொண்டிருந்தன.

அப்பா சரிவில் விழுந்து எழுந்து ஓடி வந்தார். மூச்சிரைக்க, மைத்துனர் இந்த ஆற்றில்தான் போனார் என்று கிழவரிடம் சொன்னார். கிழவர் தொப்பியைக் கழற்றினார். தெரியும் என்றார். அந்த ஜூனில் கரையோரம் வரிசையில் நடந்து தேடியவர்களில் தானும் ஒருவன் என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, இங்கே வரும்போதெல்லாம் இன்னமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்றார்.

அம்மா நிமிர்ந்தாள். எங்கே எங்கே பார்த்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் அவசரப்படாமல் கையை நீட்டிக் காட்டினார். விழுந்து கிடக்கும் அந்த மரத்துக்கு அடியில், கம்பு விட்டுப் பார்த்தேன். ஆழமான அந்தப் பச்சைக் கசத்தில், தண்ணீர் வற்றும் செப்டம்பரில் இறங்கிப் பார்த்தேன். கீழே தடுப்பணைவரை இரண்டு கரையிலும் நடந்தேன். அவர் காட்டிய ஒவ்வொரு இடத்தையும் அம்மா திரும்பிப் பார்த்துத் தலையாட்டினாள். கடைசி இடம் முடிந்ததும், தேம்பித் தேம்பி அழத் தொடங்கினாள். அவள் அப்படி அழுததை நான் பார்த்தது அதுதான் முதல்முறை.

காரில் ஹீட்டரைப் போட்டு, அப்பாவின் ஜாக்கெட்டுக்குள் சுருண்டு உட்கார்ந்தவள், "அண்ணனுக்கு போன் பண்ணுங்க. காரியத்தப் பண்ணிறலாம்" என்றாள். அந்த ஆடியில் பவானி கூடுதுறையில், உடலில்லாமல் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். அதன் பிறகு அம்மா ஆற்றுக்குப் போகவில்லை. வளைவில் நின்ற ஆளைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. கிழவர் வந்தது எதிர்க்கரையிலிருந்து, நாங்கள் பார்த்தது நடு ஆற்றில் என்பதை மட்டும் நான் எனக்குள் வைத்துக்கொண்டு வளர்ந்தேன்.

அப்பாவும் அம்மாவும் இப்போது டெக்சாஸில், கேட்டி என்ற ஊரில், என் தம்பி வீட்டில் இருக்கிறார்கள். போன ஜூனில் நான் மட்டும் அந்த ஆற்றுக்குப் போனேன். வருடக்கணக்கான வறட்சியில் வளைவு மணல்திட்டாகிவிட்டது. புதர் இருந்த கரை காட்டுத்தீயில் கருகி, மூளியாகக் கிடந்தது. வெயில் இறங்கிய பிறகும் தண்ணீர் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. வெளிச்சம் மங்கத் தொடங்கும்வரை உட்கார்ந்திருந்தேன். ஒரு பூச்சி வரவில்லை, ஒரு வட்டம் விரியவில்லை. சாலையோரத் தூண்டில் கடையில் விசாரித்தபோது, இப்போதெல்லாம் அப்படித்தான் என்றார்கள்.

காருக்குள் வந்து அம்மாவுக்கு போன் செய்து, ஈசல் இப்போது வருவதில்லையாம் என்று சொன்னேன். அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ அதை அணைத்தார்கள்.

"கண்ணு, அன்னைக்கு வளைவுல நீ யாரையாச்சும் பாத்தியா?"

"பாத்தேம்மா."

"எந்தப் பக்கம் பாத்துட்டு நின்னான்?"

"நம்ம பக்கந்தாம்மா."

அவள் மூச்சு விடுவது கேட்டது. "செரி கண்ணு," என்றாள் அம்மா. "இருட்டறதுக்குள்ள மலை எறங்கிரு."