மோகனராஜும் ரயில் நிலையத்துப் பனிமலரும்

படுக்கையறையிலிருந்து ஒரு பெண் விம்மி விம்மிப் பாடும் குரல் கேட்டது.

கூடத்தில் உட்கார்ந்திருந்த சந்திரசேகரன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். எதிரே இருந்த மோகனராஜ் சட்டென்று படுக்கையறைப் பக்கம் திரும்பினார். கைப்பேசியை அணைத்துவிட்டு வந்ததாகத்தான் அவர் நினைத்திருந்தார்.

"உள்ள யாரு மாப்பிள்ள?"

"யாரும் இல்ல மச்சான். பாட்டு."

"விரதத்துலயா?"

சந்திரசேகரன், மோகனராஜின் மனைவி ரமணியின் அண்ணன். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறும் காவடிக் குழுவின் தலைவரும் அவர்தான். காவடி எடுப்பவர்கள் கட்டும் மஞ்சள் வேட்டியை வீடு வீடாகப் போய்த் தம் கையால் கொடுப்பார். விரதம் சுத்தமில்லாத வீட்டில் வேட்டி பையை விட்டு வெளியே வராது. இப்போதும் அவர் கை, மடியிலிருந்த பையை இறுகப் பற்றியது.

மோகனராஜ் அந்தப் பையையே பார்த்தார். மகள் ஷர்மினி டெங்குக் காய்ச்சலில் கிடந்தபோது, மருத்துவமனை வாசலில் அழுதுகொண்டே நேர்ந்த காவடி அல்லவா அது!

"சினிமாப் பாட்டு கேக்கக் கூடாதுன்னுதானே சொன்னீங்க? இது சினிமா இல்ல லா. ரஷ்யாப் பாட்டு."

சந்திரசேகரன் படுக்கையறைப் பக்கம் காதைத் திருப்பினார்.

எல்லாம் மோகனராஜின் வாடகைக் காரில் தொடங்கிய வினை. பத்து ஃபிரிங்கிக் கடற்கரையில் ஏறிய ஒரு ரஷ்யத் தம்பதி, விமான நிலையம் வரை தங்கள் பாட்டைப் போடச் சொன்னார்கள். அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். பாடகிகள் இறங்கவில்லை. எல்லை தாண்டியதும் வரும் ஹாட்யாய்க்கு அப்பால் உலகம் பார்த்திராத அந்த மனிதர், அவர்களுக்குத் தாமே பெயர் சூட்டினார். மேளத்தை மிரட்டிக்கொண்டு பாடும் கட்டைக் குரல்காரி காளியம்மா. பஞ்சு போன்ற குரல் பனிமலர். ஆளுக்கொரு கதையும் உண்டு. பனிமலரின் காதலன் ரயிலேறிப் போய்விட்டான். பாவி மகள் கொட்டும் பனியில் நிலையத்திலேயே நிற்கிறாள். ஒரு சொல்லும் புரியாமல் இவ்வளவும் எப்படித் தெரிந்தது என்று ரமணி கேட்டால், "அழுகைக்குக் கூடவா அர்த்தம் சொல்லணும்?" என்பார்.

ரமணி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மீன விட்டாரு, கோழிய விட்டாரு, தரையில படுக்கிறாரு. இவளுங்கள மட்டும் விட முடியல அண்ணே!"

"நீ சும்மா இரு ரமணி."

"நான் சும்மாதாங்க இருக்கேன். அவதான் கத்துறா."

சந்திரசேகரன் முன்னால் குனிந்தார். "காதல் பாட்டா?"

"அதான் பாஷை புரியாதே மச்சான்."

"புரியாமயா கண்ணு கலங்கியிருக்கு?"

மோகனராஜ் கண்ணைத் தொட்டுப் பார்த்தார். ஈரம். பனிமலர் உள்ளே உச்சத்துக்குப் போயிருந்தாள். அந்த இடத்தில் அவர் என்றுமே தப்பியதில்லை. முருகனை ஏமாற்றலாம், மச்சானையும் ஏமாற்றலாம்; தன் கண்ணை எப்படி ஏமாற்றுவது?

"காதல் பாட்டுதான் மச்சான்," என்றார் தலைகுனிந்து. "அவன் அவள விட்டுட்டு ரயிலேறிப் போயிட்டான்."

எழுந்து உள்ளே போனார். பாட்டு பாதியில் நின்றது. சின்ன ஒலிபெருக்கியையும் கைப்பேசியையும் கொண்டுவந்து, பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுப்பவர்போல மச்சான் முன் நீட்டினார்.

"பூசம் முடியற வரைக்கும் நீங்களே வச்சிக்குங்க. எனக்குக் காவடி வேணும்."

சந்திரசேகரன் கைப்பேசியை அவர் பக்கமே தள்ளினார்.

"போன் இல்லாம கார் எப்படி ஓட்டுவே? பெட்டிய மட்டும் குடு."

"போன்ல கேட்டாருன்னா?" என்றாள் ரமணி.

"அத முருகன் பாத்துக்குவான்."

மஞ்சள் வேட்டி பையிலிருந்து வெளியே வந்தது. மோகனராஜ் அதை இரு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வேட்டி இருந்த இடத்தில் ஒலிபெருக்கி போய் உட்கார்ந்தது.

சந்திரசேகரன் செருப்பை மாட்டிக்கொண்டு நடையில் இரண்டடி வைத்தார், நின்றார், திரும்பி வந்தார்.

"மாப்பிள்ள, ரயிலேறிப் போனானே, அவன்... திரும்பி வந்தானா?"

"பாதியிலயே நிறுத்திட்டேனே மச்சான்! பூசம் முடிஞ்சதும் பெட்டியோட வாங்க, கேட்டுச் சொல்றேன்."

"ம்," என்று உறுமிவிட்டு, பையை அணைத்தபடி லிஃப்டை நோக்கிப் போனார் குழுத் தலைவர். மோகனராஜ் கதவைச் சாத்தினார்.