பிழைத்துவிட்ட மொழிக்கு நிதி இல்லை

செண்பகனூரில் வாடகை அறையில் தங்கி, பேத்துப்பாறைக்கு மேலே இருக்கும் பளியர் பழங்குடியினரின் குடியிருப்புக்கு நாள்தோறும் போய்வந்தாள் பாண்டிச்செல்வி. அழியும் மொழிகளை மீட்பதற்கென்று ஓர் அறக்கட்டளை கொடுத்த உதவித்தொகையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தாள். பளியர் பேச்சைப் பேச வெட்கப்பட்ட பிள்ளைகளை, கூடவே விளையாடி மெல்ல மெல்லப் பேச வைத்தாள். இப்போது அவர்கள் சண்டை போடுவதுகூட அதில்தான்.

சிக்கலும் அதில்தான். கடைசி வருடப் பணத்தைக் கொடுக்குமுன் அறக்கட்டளையின் குழு ஒன்று பார்வையிட வருவதாக அவளுடைய நெறியாளர் போனில் சொன்னார்.

"மொழி சாகக் கெடக்குன்னாத்தாம்மா காசு. பொழச்சிருச்சுன்னு தெரிஞ்சா யாரு குடுப்பா?"

ஆய்வேடு பாதிதான் முடிந்திருந்தது. பணம் நின்றால் அறை வாடகைக்கே வழியில்லை. பிள்ளைகளைக் கூப்பிட்டு, குழு திரும்பிப் போகும்வரை தமிழிலேயே பேசச் சொன்னாள்.

அவர்களில் ஒருத்தியின் தாய் பிச்சையம்மாள் சிரித்துவிட்டாள். "ஏந்தாயி, வெக்கப்படாம பேசுங்கன்னு நீதானே எங்க உசுர வாங்குன? இப்ப ஒனக்கே வெக்கமாயிருச்சாக்கும்?"

பாண்டிச்செல்விக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "சரி, பேசுங்க," என்றாள்.

பேசினார்கள். குழுத் தலைவரின் தொப்பியைப் பற்றி மட்டுமே நெடுநேரம் பேசிச் சிரித்தார்கள். அவர் பூரித்துப்போய்ப் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டார். தான் மீட்ட மொழி என்று அறக்கட்டளை அந்தப் படத்தை அறிக்கையின் அட்டையில் போட்டுக்கொண்டு, உதவித்தொகையை நிறுத்தியது. அந்தப் பணம், வேறொரு மொழியில் இத்தனை வருடத்தில் ஒருவரையும் பேச வைக்காத இன்னோர் ஆய்வாளருக்குப் போனது. அங்கே தேவை கொஞ்சமும் குறையவில்லையாம்.