சி-60 கேசட்டும் அரைக்கட்டை இறங்கிய பாடகரும்

1. திருகு

1988 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை 6.40. மழை இல்லை. மலைப் பக்கம் மேகம் தாழ இறங்கியிருந்தது, காற்றில் ஈரம். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் இருந்த என் ரெக்கார்டிங் சென்டரின் ஷட்டரைப் பாதி தூக்கி, குனிந்து உள்ளே போனேன். ஞாயிறு கடை விடுமுறை. மெஷின்களைத் துடைப்பதற்கான நாள் அது.

போனில் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். என்னிடம் இரண்டு டெக் இருந்தன. ஒன்றில் ஒரிஜினல் கேசட் ஓடும். இன்னொன்று அதைக் காலி கேசட்டில் பதியும். முதலாவது பாடுற டெக், இரண்டாவது எழுதுற டெக். ஒரு ஒரிஜினல் வாங்கி முப்பது நாற்பது காப்பி போட்டுக் கொடுப்பதுதான் தொழில். அது சரியா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டால் சரியில்லை என்றே சொல்வேன்.

எழுதுற டெக் சற்று மெதுவாக ஓடுகிறதோ என்று எனக்கு ஒன்பது நாளாகச் சந்தேகம். நான் பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படித்தவன். சந்தேகம் வந்தால் அளந்து பார்த்துவிடுவேன். புது சி-60 கேசட் ஒன்றைப் பிரித்துப் போட்டேன். சி-60 என்றால் அறுபது நிமிடம், ஒரு பக்கத்துக்கு முப்பது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பக்கம் முடிய 31 நிமிடம் 40 வினாடி ஆனது. நூறு வினாடி அதிகம். என் சந்தேகம் சரிதான் என்று சந்தோஷப்பட்டேன்.

மோட்டாரின் பின்னால் சிறு ஓட்டை இருக்கும். அதற்குள் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு. வாட்ச்காரர் வைத்திருக்கும் ஸ்குரூ டிரைவரால் மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். நான்கு முறை ஓட்டிப் பார்த்தேன். நான்காவது முறை சரியாக 30 நிமிடம் 0 வினாடியில் கேசட் நின்றது. காலண்டர் தாளில் குறித்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டேன்.

அந்தத் திருகலால் ஒரு மனிதர் பாடுவதையே விட்டுவிட்டார். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2. முடிக்காரங்க புதுசு

நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை, மெட்ராஸ் பஸ்ஸில் பார்சல் வந்தது. பதினான்கு வருடமாகப் பாடிக்கொண்டிருந்த ஒரு வெளிநாட்டு ராக் குழுவின் புது ஆல்பம். கிட்டார் சத்தம் பலமாக இருக்கும். ஆனால் நடுவில் முணுமுணுக்கத் தக்க ஒரு மெட்டும் இருக்கும். ஐந்து பேருக்கும் தோள் வரை முடி. எங்கள் ஊரில் அவர்களின் இங்கிலீஷ் பெயரைச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. "முடிக்காரங்க" என்றால் போதும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், சுற்று ஊர்கள் எல்லாம் சேர்த்து அவர்களுக்கு 37 ரசிகர்கள். அந்த 37 பேரும் முன்பதிவு செய்திருந்தார்கள்.

கடையில் ஒரு நோட்டு உண்டு. கேசட் வாங்கிப் போனவர் ஒரு வாரத்துக்குள் வந்து தன் கருத்தை அதில் எழுத வேண்டும். அடுத்து எதை வரவழைப்பது என்று தெரிய நான் வைத்திருந்த ஏற்பாடு. இந்த ஆல்பத்துக்கு 31 பேர் எழுதினார்கள். 26 பேர் எழுதியது ஒன்றே: முடிக்காரங்களுக்கு வயதாகிவிட்டது.

பேண்டேஜ் துணித் தறி வைத்திருந்த சுப்பராஜு எழுதியதோடு நிற்கவில்லை. கவுண்டரில் சாய்ந்துகொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"ஏமி அண்ணாச்சி, டிரம்ஸ் அடிக்கவனுக்கு மூட்டுவலியா? அடுத்த அடி எப்ப விழும்னு நான் காத்துக் கெடக்கேன்."

கூமாப்பட்டித் தங்கப்பாண்டி ராணுவத்தில் ஹவில்தார். இரண்டு மாத லீவில் வந்திருந்தார். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"பதினாலு வருசமா இவனுகளுக்காகப் பட்டாளத்து லயன் வீட்டுல சண்டை போட்டிருக்கேன் அண்ணாச்சி. இப்பம் பாடுதான் பாருங்க, வெத்தலைய அதக்கிக்கிட்டுப் பாடுத மாதிரி. சோறு திங்கானா இல்லையா?"

"அதெல்லாம் இல்லவே. பக்குவம் வந்துருக்கு. நிதானமாப் பாடுதாங்க" என்றார் சுப்பராஜு, கேலியாக.

"பக்குவம் வேணும்னா நான் பஜனைக்குப் போவேன். முடிக்காரன் எதுக்கு?"

எனக்கு வருத்தமாக இருந்தது. கடையில் ஒரிஜினலைப் பாடுற டெக்கில் போட்டுத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ரசனை என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்று நினைத்துக்கொண்டேன். 26 பேருக்கு ஒரே நேரத்தில் ஒரே மாதிரி ஏன் மாற வேண்டும் என்று எண்ணத் தெரிந்த நான் யோசிக்கவில்லை.

நோட்டில் எழுதாத ஆறு பேரில் ஒருவர் எபனேசர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ராஜபாளையத்தில் நூல் மில் ஒன்றில் பன்னிரண்டு வருடமாக, ரிங் ஃப்ரேம் என்ற இரைச்சல் மிகுந்த நூற்பு மெஷின் பிரிவில் வேலை. ஞாயிறு தோறும் சர்ச்சில் கிட்டார் வாசித்துக் கொயரை, அதாவது பாடகர் குழுவை, நடத்துவார். ஸ்ருதி கொடுக்கும் பிட்ச் பைப் வைத்துக்கொள்ள மாட்டார். அவர் ஒரு தடவை முனகினால் அதுதான் ஸ்ருதி. ஆர்மோனியத்தை அதோடு வைத்துப் பார்த்தால் துல்லியமாகச் சேரும். நானே ஆறு முறை சோதித்திருக்கிறேன்.

நவம்பர் 5, சனிக்கிழமை, ஷிஃப்ட் முடிந்து வந்தார். தலையில் பஞ்சுத் தூசி.

"அண்ணாச்சி, முடிக்காரங்க ஸ்ருதியில அரைக்கட்டை இறங்கிட்டாங்களா?"

"அப்படி ஒண்ணும் இல்லையே. செத்த இரும்."

ஒரிஜினலைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். முகம் மாறியது.

"இது சரியா இருக்கே."

"உம்ம கேசட்டைக் குடும்."

பதிந்த கேசட்டை எழுதுற டெக்கிலேயே மூன்று இடத்தில் கேட்டுப் பார்த்துத்தான் கொடுப்பது என்பது என் கடை விதி. அதே மாதிரி அதில் போட்டேன். ஒரிஜினலுக்கும் அதற்கும் ஒரு நூல் வித்தியாசம் இல்லை.

"ரெண்டும் ஒண்ணுதான?"

"ஒண்ணுதான்" என்றார். பிறகு மெதுவாக, "வீட்டுல கேட்டா இறங்குதே."

"வீட்டு மெஷின் கோளாறா இருக்கும்."

"என் வீட்டுக்காரி மேரியோட தங்கச்சி வீட்டு மெஷின்லயும் போட்டேன். அங்கயும் இறங்குது. ஏன் அண்ணாச்சி, ரிங் ஃப்ரேம்ல நின்னவனுக்கெல்லாம் காது போவும்பாங்களே. எனக்கும் வந்துருச்சோ?"

அப்போது நான் சொன்ன பதிலை இன்றுவரை மறக்கவில்லை. "மெஷினை நான் நாலு தடவை அளந்திருக்கேன். சந்தேகம் இருந்தா நீரு காதைக் காட்டும்."

காதைக் காட்டினால் டாக்டர் என்ன சொல்லிவிடுவாரோ என்று பயந்து அவர் எங்கும் போகவில்லை. என் கடைக்கும் வரவில்லை.

3. காப்பியிலிருந்து காப்பி

டிசம்பர் 3. தங்கப்பாண்டிக்கு லீவு முடிகிறது. படைப்பிரிவில் இருக்கும் நண்பருக்கு ஒரு காப்பி வேண்டும் என்று வந்தார். ஒரிஜினலை ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்காரர் ஒருவர் இரவல் வாங்கிப் போயிருந்தார். "என் கேசட்டுல இருந்தே போடுங்க. அவனும் கேட்டு அழட்டும்" என்றார் தங்கப்பாண்டி.

அவருடைய கேசட்டைப் பாடுற டெக்கில் போட்டேன். என் காப்பி ஒன்று அந்த மெஷினில் ஓடியது அதுதான் முதல் தடவை.

வெற்றிலையை அதக்கிக்கொண்டு பாடினார் பாடகர்.

"கேட்டீங்களா? எம்புட்டு நாளாச் சொல்லுதேன்!"

கேசட்டை எடுத்து எழுதுற டெக்கில் போட்டேன். குரல் நிமிர்ந்தது. மறுபடி பாடுற டெக். குனிந்தது. ஐந்து முறை மாற்றினேன். எழுதும்போது நாடா வேகமாக ஓடியிருக்கிறது. அதே மெஷினில் கேட்டால் அதே வேகத்தில் ஓடிச் சரியாகக் கேட்கிறது. மற்ற மெஷின்கள் தமக்குரிய வேகத்தில் ஓட்டும்போது பாட்டு மெதுவாகி, ஸ்ருதி இறங்குகிறது. நான் விதி வைத்துச் சோதித்தது என் தவறை என் தவறோடு ஒப்பிட்டுத்தான்.

"என்ன அண்ணாச்சி, முகம் கறுத்துப் போச்சு?"

"முடிக்காரனுக்கு வயசாகலை தங்கப்பாண்டி. நான்தான் கெடுத்தேன்."

"அடப்பாவி அண்ணாச்சி! நான் அவனுகளைக் கெட்ட வார்த்தையால திட்டி பத்து பேருக்கு லெட்டர் போட்டுட்டேனே!"

அலமாரியிலிருந்து மூன்று கம்பெனி சி-60 கேசட்டுகளை எடுத்துப் பாடுற டெக்கில் ஓட்டி அளந்தேன். 30 நிமிடம் 50 வினாடி, 31.05, 31.40. எதுவும் முப்பதில் நிற்கவில்லை. யாருக்கும் பாட்டு பாதியில் அறுந்துவிடக் கூடாது என்று கம்பெனிக்காரர்கள் சுற்றும்போதே கொஞ்சம் நாடா கூடுதலாக வைப்பார்களாம். மதுரை மெக்கானிக் பிறகு சொன்னார். கொசுறை நான் பிழை என்று எண்ணிவிட்டேன்.

அன்றிரவே ஒரிஜினல் திரும்பி வந்துவிட்டது. மறுநாள் ஞாயிறு. திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, புதிதாகப் பதிந்த கேசட்டோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினேன். சர்ச் முடியும் நேரம். எபனேசர் சர்ச்சுக்கே போகாமல் வீட்டில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மனைவி மேரிதான் பேசினார்.

"வாங்க, காது டாக்டர் அண்ணாச்சி. ஒரு மாசமா அவிய பாடலை. கொயரை வேற ஆளுட்ட விட்டாச்சு. கிட்டாரை வன்னியம்பட்டிப் போலீஸ்காரருக்கு நானூறுக்கு வித்தாச்சு. இன்னும் எதைக் காட்டணும்னு சொல்ல வந்திய?"

எபனேசரிடம், "முடிக்காரங்க முதல் பாட்டு எந்த ஸ்ருதியில் தொடங்கும்னு முனகும்" என்றேன்.

"வேண்டாம் அண்ணாச்சி."

"ஒரே ஒரு தடவை."

மிகச் சன்னமாக முனகினார். அவர் நிறுத்துவதற்குள் அவர்கள் வீட்டு மெஷினில் பட்டனை அழுத்தினேன். கிட்டார் கிளம்பி அவர் குரலின் மேல் அப்படியே உட்கார்ந்தது. அவர் நிறுத்தவில்லை. முதல் பாட்டு 4 நிமிடம் 12 வினாடி. முடியும்வரை முனகிக்கொண்டே இருந்தார். மேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

"அப்பம் என் காது?"

"உம்ம காதுல ஒண்ணுமில்ல. என் மெஷின்தான். மன்னிக்கணும்."

கை ஓங்குவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அடுத்த பாட்டையும் கேட்டார். அதற்கடுத்ததையும். ஒரு பக்கம் முழுவதும் ஓடி முடிந்த பிறகு சொன்னார்:

"பாட்டு சுமார்தான் அண்ணாச்சி. பழசு மாதிரி இல்ல. ஆனா ஸ்ருதி சுத்தம்."

37 பேருக்கும் வேறு கேசட் பதிந்து கொடுத்தேன். சரியான வேகத்தில் கேட்டும் 19 பேருக்குப் பிடிக்கவில்லை. அது முடிக்காரர்கள் பாடு. அந்த ஏழு வாரத்தில் சினிமாப் பாட்டுப் பதிந்தவர்களும் வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று போர்டு எழுதி வைத்தேன். மூன்று பேர் வந்தார்கள்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது: ஒரே பொருளை நான்கு முறை அளப்பதைவிட நான்கு பொருளை ஒரு முறை அளப்பது நல்லது. வாடிக்கையாளர் ஒன்று சொன்னால் அவர் எங்கே கேட்டாரோ அங்கே போய்க் கேட்க வேண்டும். நவம்பர் 5 அன்றே நான் ஒரு பஸ் ஏறியிருந்தால் போதும்.

அந்த வாரமே கொயரை எபனேசரிடம் திரும்பக் கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு அவர்தான் நடத்தினார். கிட்டாருக்கு வன்னியம்பட்டிப் போலீஸ்காரர் அறுநூற்றைம்பதுக்குக் குறைந்து இறங்கவில்லை. "கைக்குப் பழகிருச்சு சார்" என்றார். அதைக் கொடுத்து வாங்கி எபனேசர் கையில் சேர்த்தேன். காலி கேசட் நாற்பது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இரண்டு தடவை போக வர பஸ். எல்லாம் சேர்த்து ஆயிரத்து நூற்று முப்பத்தைந்து ரூபாய்.