பதினான்காம் வாரத்துப் பக்கம்

பிள்ளைகளே, உங்கள் பிள்ளைகள் ஒரே கதைப்புத்தகத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறார்கள் என்று இருவரும் மாற்றி மாற்றி எனக்குப் போன் செய்து குறை சொல்கிறீர்கள். புதிதாக வாங்கிக் கொடுத்ததைத் தொடுவதில்லையாம். சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சாம். யாரிடம் வந்து எதைச் சொல்கிறீர்கள்? நீங்கள் இருவரும் ஒரு கதையை வைத்துக்கொண்டு என்னைப் படுத்திய பாட்டை மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. நான் மறக்கவில்லை. எழுதி அனுப்புகிறேன். உங்கள் பிள்ளைகளுக்கும் படித்துக் காட்டுங்கள்.

அப்போது நாம் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். மெட்ராஸிலிருந்து கப்பலில் வரும் வாரப் பத்திரிகை ஒன்றை உங்கள் அம்மா வாங்குவாள். அதில் அவளுக்கு ஒரு தொடர்கதை, உங்களுக்கு ஒரு தொடர்கதை. அவளுடையது டாக்டருக்குப் படித்துவிட்டு மாமியார் வீட்டில் அடுப்பூதும் ஒரு பெண்ணின் கதை. உங்களுடையதில் ஓர் அண்ணனும் தங்கையும் உப்பளத்துப் பக்கம் கள்ளக்கடத்தல்காரர்களைத் துரத்துவார்கள். நம் ஆட்கள் எல்லார் வீட்டிலும் நடப்பதுபோல, வாராவாரம் கதைப் பக்கங்களை வெட்டி எடுத்து வைத்து, கதை முடிந்ததும் தைத்துப் புத்தகமாக்குவோம். அம்மா தன்னுடையதைத் தானே வெட்டித் தைத்துக்கொள்வாள். உங்களுடையது பத்திரிகையின் நடுவே தனித் தாளாக வரும். அதை வெட்டுவது மூத்தவளின் வேலை. மைதாப் பசை காய்ச்சி, சாக்கு ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே ஒட்டிக் கொடுத்தது நான்.

தைக்கும்போதுதான் தெரிந்தது, பதினான்காம் வாரம் இல்லை. அது தீபாவளி வாரம். நீங்கள் இருவரும் கிள்ளானில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தீர்கள். கப்பல் தாமதமானால் சில வாரங்கள் நம் தெருக் கடைகளுக்கு மட்டும் வராமலே போவது வழக்கம். இதுவும் அப்படித்தான் என்று நான் நினைத்தேன், நீங்களும் நினைத்தீர்கள்.

அந்த ஒரு வாரம் போதாதா? பதின்மூன்றாம் வாரத்தின் கடைசியில் அண்ணனையும் தங்கையையும் உப்புக் கிடங்கில் தள்ளி வெளியே பூட்டிவிடுகிறார்கள். கடல் தண்ணீர் ஏறி வாசற்படியைத் தொடுகிறது. பதினைந்தாம் வாரத்தின் முதல் வரியில் இருவரும் படகில் போய்க்கொண்டிருக்கிறார்கள், அண்ணனுக்குக் காலில் கட்டு. பூட்டிய கிடங்கிலிருந்து எப்படி வெளியே வந்தார்கள்?

"தங்கச்சிதான் கொண்டை ஊசியால கதவுக் கீல கழட்டிருப்பா. அவளுக்குத்தான் மூளை இருக்கு" என்பாள் மூத்தவள்.

"அண்ணன் செவுத்த ஒதைச்சு ஒடைச்சிருப்பான். இல்லன்னா கால் ஏன் அடிபடுது? சொல்லுக்கா!"

"ஒதைச்சா ஒடையறதுக்கு அது என்ன நம்ம வீட்டுக் கோழிக் கூண்டா?"

"கொண்டை ஊசியில கழட்டறதுக்கு அது என்ன உன் தலையா?"

இப்படித்தான் தொடங்கும். புத்தகம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. உப்புக் கிடங்கு வந்ததும் மறுபடி சண்டை. நான் வேலை முடிந்து சட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள், "அப்பா, நீங்களே சொல்லுங்க" என்று இரண்டு பக்கமும் வந்து நிற்பீர்கள். எனக்கு என்ன தெரியும்? தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். இரண்டு பேருக்கும் சரி என்று சொன்னால் இரண்டு பேரும் அழுவீர்கள்.

சண்டையோடு நின்றிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். சின்னவனே, ஒருநாள் நீ அந்தப் புத்தகத்தைச் சுவரில் விட்டெறிந்தாய். "அக்கா சொல்றதுதான் கதைன்னா எனக்கு வேணாம். இனிமே தமிழ்ப் புத்தகமே தொட மாட்டேன்" என்றாய். அக்கா தமிழ்ப்பள்ளியில் படித்தாள். உன்னை மலாய்ப் பள்ளியில் போட்டிருந்தோம். உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரிந்ததே அந்தக் கதையால்தான். அது போனால் எல்லாம் போயிற்று. கோபத்தில் சொல்கிறாய், இரண்டு நாளில் வருவாய் என்று பார்த்தேன். வரவில்லை. அக்கா புத்தகத்தை எடுத்தால் நீ எழுந்து வெளியே போனாய். பிறகு கடைப் பலகையைக்கூட மலாயில் மட்டும் படித்தாய்.

அந்தப் பதினான்காம் வாரத்தைக் கொண்டுவந்து போட்டால்தான் இது தீரும் என்று எனக்குத் தோன்றியது. தேடக் கிளம்பினேன்.

பத்திரிகைக் கடைக்காரர் சிரித்தார். "அண்ணே, போன வருஷத்து புக்கா? அதெல்லாம் கச்சாங் கடலைப் பொட்டலமா போயிருச்சு லா!"

முடிதிருத்தும் கடைகளில் பழைய பத்திரிகை குவிந்து கிடக்கும் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு ரயிலில் பாஸ் உண்டு. கிள்ளானுக்குப் போனேன், காஜாங்குக்குப் போனேன். சும்மா உட்கார்ந்து புரட்ட விடுவார்களா? "அங்கிள், வெட்டறீங்களா, படிக்கறீங்களா?" என்று கேட்டால் என்ன செய்வது? வெட்டிக்கொண்டேன். செராஸில் ஒரு கடையில் வெட்ட ஒன்றும் இல்லை என்று அந்த ஆளே சொன்னார், சவரமாவது செய்யுங்கள் என்று உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா என் தலையைப் பார்த்துவிட்டு, "தைப்பூசத்துக்கு இன்னும் நாள் இருக்கே. அதுக்குள்ள பத்துமலைக்குப் போய் மொட்டை போட்டுட்டீங்களா?" என்றாள். நீங்கள் இருவரும் சேர்ந்து சிரித்தீர்கள். அதற்கு மட்டும் ஒற்றுமை.

என்னோடு வேலை செய்த ஒருவருடைய அக்கா கேரி தீவில் எஸ்டேட்டில் இருந்தார். எல்லா வாரப் பத்திரிகையையும் பெட்டியில் போட்டு வைத்திருப்பாராம். ஒரு விடுமுறை நாளில் பஸ் மாறி, மண்ரோட்டில் லோரியில் தொற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அந்த அக்கா கோப்பி கொடுத்து, கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தார். தீபாவளி வாரம் இருந்தது! பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நடுவே தனித்தாள் இல்லை. பட்டாசு விளம்பரமும் சேலை விளம்பரமும் நிறைந்ததால் அந்த வாரம் மட்டும் பிள்ளைகள் கதையை ஒரே பக்கமாக உள்ளே தள்ளியிருந்தார்கள். முன்பக்கத்து அட்டவணையில் பக்க எண் இருந்தது. அந்தப் பக்கத்தைத் தேடினால் கத்தரிக்கோலால் நறுக்கின ஓரம்தான் மிச்சம்.

"அக்கா, இந்தப் பக்கம் எங்க?"

"அதுவா தம்பி? அதுக்குப் பின்பக்கம் நம்ம டாக்டர் பொண்ணு கதை. நான்தான் வெட்டித் தைச்சேன். என் தங்கச்சி படிக்கறேன்னு வாங்கிட்டுப் போனா, போனதுதான்."

டாக்டர் பெண் கதை. மாமியார் வீட்டில் அடுப்பூதுகிறவள். நான் கோப்பியைக் கீழே வைத்தேன். அந்தக் கதை முழுதாகத் தைத்து, எங்கள் அலமாரியில், உங்கள் அம்மாவின் சேலைகளுக்கு நடுவில் இருக்கிறது.

திரும்பி வந்த பஸ்ஸில் போன இடங்களை விரல்விட்டு எண்ணினேன். அத்தனை கடை, அத்தனை ரயில், என் தலைமுடி.

வீட்டுக்குள் நுழைந்ததும் அலமாரியைத் திறந்தேன். உங்கள் அம்மா சமையலறையிலிருந்து வந்து நின்றாள்.

"என்ன தேடறீங்க?"

"பிள்ளைங்க கதை. உன் புத்தகத்துக்குள்ளதான் இருக்கு."

"இருந்தா இருக்கும். நான் என் பக்கத்தப் படிச்சேன், முதுகுப் பக்கத்துல என்ன இருக்குன்னா பாத்தேன்?"

"நான் மாசக்கணக்கா அலையறேன், ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"ஊரெல்லாம் போய்க் கேட்டீங்க. என்னைக் கேட்டீங்களா?"

அவள் தடுப்பதற்குள் பிளேடால் அந்தத் தாளை அறுத்து எடுத்துவிட்டேன். "என் கதையில ஓட்டை போட்டாச்சுல்ல? இன்னைக்கு யார் சோறு போடறான்னு பாருங்க" என்று உள்ளே போனாள்.

உங்களைக் கூப்பிட்டேன். தாளை நீட்டியதும் மூத்தவள் கையை நீட்டினாள். சின்னவனே, நீ அதற்கு முன்னால் பிடுங்கிக்கொண்டாய்.

"அக்கா படிச்சா மாத்திப் படிப்பா. நானே படிக்கறேன்."

எத்தனையோ மாதம் தமிழைத் தொடாதவன் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தாய். றகரம் வந்த இடத்தில் தடுக்கினாய். நீயே திரும்பப் படித்துத் திருத்திக்கொண்டாய். கதையில் தண்ணீர் முழங்கால்வரை வந்தது. தங்கை அழுதாள். அண்ணன் தைரியம் சொன்னான். அப்போது காவல்காரன் மறந்துவிட்ட தன் குடையை எடுப்பதற்காகக் கதவைத் திறந்தான். அவன் குடையைத் தேடும்போது இருவரும் வெளியே நடந்து போனார்கள். படியில் வழுக்கி அண்ணனுக்குக் காலில் அடி.

அவ்வளவுதான். பக்கம் முடிந்துவிட்டது.

நீ தாளைத் திருப்பிப் பார்த்தாய். பின்பக்கம் டாக்டர் பெண் அழுதுகொண்டிருந்தாள்.

"குடையா?" என்றாய்.

"மழையே பெய்யலையேடா" என்றாள் அக்கா.

"யாருப்பா இத எழுதுனது? அவரு முன்னாடி வாரத்தப் படிக்கவே இல்லையா?"

"ஒரே பக்கத்துல முடிக்கச் சொல்லிருப்பாங்கப்பா" என்றேன். எழுதினவருக்காக நான் எதற்குப் பரிந்து பேசினேன் என்று தெரியவில்லை.

"இத நம்ம புக்குல தைக்காதீங்க" என்றாய் நீ. "ஆமாப்பா, தைக்கவே கூடாது" என்றாள் அவள். எந்த இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்தார்களோ அந்த இரண்டு பேர். பிறகு அன்று எறிந்த புத்தகத்தை நீயே போய் எடுத்து வந்தாய். தரையில் படுத்துக்கொண்டு இருவரும் உப்புக் கிடங்கை எடுத்தீர்கள். கீலா, சுவரா என்று மறுபடி தொடங்கியது. நான் கேரி தீவுவரை போனது எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். யார் கேட்கப்போகிறார்கள்?

அன்று சோறு கிடைத்தது. ஆனால் உங்கள் அம்மாவின் கோபம் ஆறவில்லை என்று தட்டை வைத்த சத்தத்திலேயே எனக்குப் புரிந்தது.

அடுத்த ஞாயிறு காலை உங்கள் அம்மா காய்கறி வாங்க உங்களைப் பாசாருக்குக் கூட்டிப்போனாள். நான் மைதாப் பசை காய்ச்சினேன். பழைய காகிதப் பை ஒன்றிலிருந்து மெல்லிய தாள் கிழித்து ஓரத்தில் ஒட்டி, பதினான்காம் வாரத்தை டாக்டர் பெண்ணின் கதைக்குள் இருந்த இடத்திலேயே வைத்தேன். அவள் பக்கம் நேராக வருகிறதா என்று வரிக்கு வரி பார்த்தேன். புத்தகத்தை மூடி, மேலே அரிசி டின்னை ஏற்றி வைத்தேன். அது காய்கிறவரை செய்ய ஒன்றும் இல்லாததால், நான் தைத்துக் கொடுத்தும் ஒருநாளும் படிக்காத உங்கள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, முதல் வாரத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.