தொண்டை கட்டிய வாரம்

பம்பாய் முலுண்டில் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அதை விட்டுவிட்டு டீச்சராகப் போகிறேன் என்றபோது வீட்டில் பெரிதாகச் சண்டை எதுவும் நடக்கவில்லை. தாராவியில் பை கடை வைத்திருக்கும் அப்பா, அம்மாவைப் பார்த்து, “ஏசில உக்காந்திருந்த புள்ள, ஃபேன் சுத்தாத எடத்துக்குப் போறேன்னு நிக்கா” என்றார். அம்மா, “போட்டும். இங்க பேசுதத அங்க போய்ப் பேசட்டும்” என்றாள். நான் நிறையப் பேசுவேன். பேசத் தெரிந்தவளுக்குப் பாடம் நடத்துவதில் என்ன கஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன்.

பள்ளிக்கூடங்கள் திறப்பதற்கு முன், மே மாத வெயிலில், புதிய ஆசிரியர்களுக்கு ஐந்து வாரப் பயிற்சி. தாராவியிலிருந்து சயான் ஸ்டேஷனுக்கு நடந்து, குர்லாவில் ரயில் மாறி, செம்பூரில் இறங்குவேன். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் காலையில் கோடை வகுப்பு நடக்கும். நிஜப் பிள்ளைகளுக்கு நாங்கள் பாடம் எடுக்க வேண்டும். மத்தியானம் எங்களுக்கு வகுப்பு. அதற்குப் பிறகு ஒத்திகை: ஒருவர் மறுநாள் பாடத்தை நடத்த, மற்ற புது டீச்சர்கள் எல்லோரும் பிள்ளைகளாக நடிக்க வேண்டும்.

அந்த ஒத்திகையைப் போல நான் வேறெங்கும் சிரித்ததில்லை. என்னோடு சேர்ந்து மூன்றாம் வகுப்பை எடுத்தவன் நாக்பூரிலிருந்து வந்த இஞ்சினியர், ஆறடி உயரம். அவன் பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்துபோய் அடுத்தவன் ஷூ லேஸை அவிழ்ப்பான். நான் கேள்வி கேட்டால், “டீச்சர், இவன் என் பென்சிலைத் தின்னுட்டான்” என்று ஹிந்தியில் அழுவான். எங்கள் பயிற்சியாளர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். எங்களைவிட நாலைந்து வயதுதான் கூட. எல்லோரும் சிரித்து அடங்கும் வரை காத்திருப்பார். பிறகு என்னிடம் மட்டும் தமிழில், “பாடம் நன்னாதான் இருக்கு. ஆனா நீயே பேசிண்டிருக்கே. கொழந்தைகள் எப்பப் பேசறது?” என்பார்.

தினமும் இதையேதான் சொன்னார். நானும் தினமும் தலையாட்டிவிட்டு, மறுநாள் காலை மணியடித்ததும் ஆரம்பித்து மூச்சு விடாமல் பேசினேன். வகுப்பு அமைதியாக இல்லையென்றால் சத்தத்தைக் கூட்டினேன். பிள்ளைகளும் கூட்டினார்கள். முன் பெஞ்சில் இரட்டைச் சடைக்காரி ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். நான் எதைச் சொன்னாலும் ஹிந்தியில் “க்யோன்?” என்பாள். ஏன் என்று கேட்பது நல்லதுதான். ஆனால் “உட்கார்” என்றாலும் அவளுக்கு ஏன்தான். அவளுக்குப் பதில் சொல்லியே பாதி நேரம் போய்விடும்.

மூன்றாவது வாரத்தில் ஒருநாள் காலை எழுந்து அம்மாவைக் கூப்பிட்டேன். காற்று மட்டும் வந்தது. இரண்டாம் தடவையும் அப்படித்தான். அம்மா உப்புத் தண்ணீரைக் கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, ஒரு வார்த்தகூட வரலையா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“இன்னைக்காவது சீரியல்ல என்ன பேசுதாவன்னு காதுல விழும்” என்றாள்.

பள்ளிக்குப் போய், காகிதத்தில் ‘குரல் இல்லை’ என்று எழுதி இஞ்சினியரிடம் காட்டினேன். தானே பாடம் எடுப்பதாகச் சொன்னான். பயிற்சியாளர் வேண்டாம் என்றார். “பேசாம எடுத்துப் பாரு. முடியலைன்னா அவன் இருக்கான்.” அன்றைக்குப் பாடம் அரை, கால்.

வகுப்பில் நுழைந்து தொண்டையைத் தொட்டு, கையை விரித்துக் காட்டினேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். போர்டில் பெரிய சதுரம் போட்டேன். நடுவே ஒரு கோடு இழுத்து ஒரு பக்கத்தை சாக்பீஸால் நிரப்பிவிட்டு அவர்கள் பக்கம் திரும்பினேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. குரல் இருந்திருந்தால் அதற்குள் நானே விடையைச் சொல்லியிருப்பேன். அன்று சொல்ல வழியில்லை.

பின்னாலிருந்து ஒருவன், “ஆதா” என்றான். பாதி. இரண்டு கையையும் தூக்கி அவனுக்குக் கைதட்டினேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

இன்னொரு சதுரத்தை நாலாக்கி, ஒன்றை நிரப்பினேன். “பாவ்!” என்றார்கள் நாலைந்து பேர். ஹிந்தியில் காலுக்கும் பாவ்தான், பம்பாயில் நடுவே வடை வைத்துத் தின்னும் ரொட்டிக்கும் பாவ்தான். உடனே ஒருத்தன், “வடா எங்கே?” என்று கேட்டான். சிரிப்பில் பெஞ்செல்லாம் ஆடியது. இரட்டைச் சடைக்காரி எழுந்து வந்து என் கையிலிருந்த சாக்பீஸையும் டஸ்டரையும் வாங்கி, நிரப்பிய கட்டத்துக்குள் டஸ்டர் முனையால் வட்டமாக அழித்து வடை போட்டாள். போட்டவள் திரும்பிப் போகவில்லை.

“இந்த மாதிரி நாலு பாவ் சேர்ந்தா என்ன?” என்று வகுப்பைக் கேட்டாள். இடுப்பில் ஒரு கை, காற்றில் ஒரு விரல், கடைசி வார்த்தையில் ஒரு இழுப்பு. நான் நிற்பது அப்படித்தான், பேசுவதும் அப்படித்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. இஞ்சினியர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டான். “முழுசு” என்றது வகுப்பு.

அவள் அதோடு விடவில்லை. “க்யோன்?” என்றாள்.

இப்போது ஏன் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டியதாயிற்று. ஒருவன் காகிதத்தை மடித்துக் காட்டினான். இரண்டு பாவ் சேர்ந்தால் ஆதா, இரண்டு ஆதா சேர்ந்தால் ஒரு முழுசு என்று ஒரு பெண் சொன்னாள். இல்லை, அது பாவ் சைஸைப் பொறுத்தது என்று இன்னொருவன் சண்டைக்கு வந்தான். எனக்குத் தெரிந்து அதுவரை வாயே திறக்காதவர்கள் பேசினார்கள். நான் படம் போட்டேன், கைதட்டினேன், யார் பேச வேண்டும் என்று விரல் நீட்டினேன். மணியடித்தபோது ஒருத்தருக்கும் எழுந்து போக மனமில்லை.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார், சிரித்துச் சிரித்து. “நாளைக்குக் குரல் வந்தாலும் வந்ததாக் காட்டிக்காதே” என்றார்.

அந்த வாரம் முழுக்க அப்படியே ஓடியது. வீட்டில் அம்மாவும் நிம்மதியாக சீரியல் பார்த்தாள். சனிக்கிழமைதான் குரல் கரகரவென்று திரும்பியது. திங்கட்கிழமை வகுப்பில் நுழைந்து, எல்லோரும் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்து, “குட் மார்னிங்” என்றேன்.

இரட்டைச் சடைக்காரியின் முகம் விழுந்துவிட்டது. “டீச்சர், இன்னிக்கும் சும்மா இருங்களேன்” என்றாள் ஹிந்தியில்.

சாக்பீஸை அவளிடம் கொடுத்துவிட்டு, அவள் இடத்தில் போய் உட்கார்ந்தேன். பெஞ்ச் மிகவும் சின்னது, முட்டி இடித்தது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு முக்காலைப் பற்றி ஆரம்பித்தாள். நான் கையைத் தூக்கி, “க்யோன்?” என்று கேட்டேன்.